கம்பெனி வீட்டு மாலுமி ஜன்னல்

நேல்ட்யா ஷாகன் பொய் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வாள். உண்மை பேசும்போதுதான் கத்துவாள். இது தெரியாமல் ஏமாந்தவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். அதில் இரண்டு பேராசிரியர்கள், ஒரு மேயர், நான்.

கம்பெனி வீட்டின் பெரிய வாசலைத் தாண்டியதும் இடதுபக்கச் சுவரில் ஒரு ஜன்னல் இருக்கிறது. இடுப்பு உயரத்தில் தொடங்கி நெற்றி உயரத்தில் முடியும். மேலே தூக்கித் திறக்கும் பலகைக் கதவு. பின்னால் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு அறை. நேல்ட்யா அங்கே முப்பது வருடமாக உட்கார்ந்திருந்தாள். சாவி கொடுப்பாள், தபால் வாங்குவாள், வகுப்பறை தேடி வருபவர்களை மனசு வந்தால் சரியான திசையில் அனுப்புவாள். முற்றத்தில் கண்ட இடத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் போகும் மாணவர்களின் சைக்கிளுக்குத் தன் பூட்டு ஒன்றையும் சேர்த்து மாட்டிவிட்டு, அவர்கள் வந்து கெஞ்சும்வரை குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பாள்.

எங்கள் ஊரில் கம்பெனி என்றால் ஒன்றுதான், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. அது திவாலாகி இருநூறு வருடத்துக்கு மேலாகிறது. அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்தில் சிப்பாய்கள் இருந்தார்கள், தானியம் இருந்தது, வரி அலுவலகம் இருந்தது, இப்போது கல்லூரி இருக்கிறது. பெயர் மட்டும் மாறவில்லை. மேல்மாடிக் கூடத்தில் கறுப்பு அங்கி போட்ட கனவான்கள் உட்கார்ந்து கிராம்புக்கும் மிளகுக்கும் விலை வைத்தார்களாம். அங்கே இன்னும் ஒரு நாகப்பட்டினத்து ஓவியம் தொங்குகிறது. வரைந்தவர் தென்னை மரத்தைக் கண்ணால் பார்த்ததில்லை போலும். கடற்கரை நெடுக எங்கள் கால்வாய்க் கரை மரங்களையே நட்டு, உச்சியில் நான்கு தேங்காயைத் தொங்கவிட்டிருக்கிறார். அந்தக் கூடத்தில் யாரும் எதையும் சந்தேகப்பட்டதில்லை. பழைய செங்கல்லுக்குப் பக்கத்தில் நின்று சொன்னால் எது சொன்னாலும் வரலாறு.

நேல்ட்யா இதை வந்த முதல் வருடமே கண்டுபிடித்துவிட்டாள்.

சுற்றுலாக்காரர்கள் வந்தால் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுவாள். குரல் இறங்கும். கம்பெனிக் கப்பலுக்கு ஆள் எடுத்தது இந்த ஜன்னலில்தான் என்பாள். வந்தவர்களுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதாம். விளிம்பில் கட்டைவிரலை ஊன்றிக்கொண்டு காகிதத்தில் ஒரு சிலுவைக் கோடு போடுவார்களாம். கறுத்த விளிம்பின் நடுவில் வழவழப்பாக ஒரு குழி இருக்கிறதே, அது அந்தக் கட்டைவிரல்கள் தேய்த்த குழி. "பாதிப் பேர் திரும்பி வரல," என்று முடிப்பாள். கேட்டவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் கட்டைவிரலை அந்தக் குழியில் வைத்துப் பார்ப்பார்கள். சிலர் தொப்பியைக் கழற்றுவார்கள். ஜெர்மானியர்கள் வந்தால், அந்த மாலுமிகளில் ஏகப்பட்ட பேர் ஜெர்மானியர்கள் என்று சேர்த்துக்கொள்வாள். அது உண்மை, அதனால் கத்திச் சொல்வாள்.

கதை அந்த ஜன்னலோடு நிற்கவில்லை. நகராட்சியின் சுற்றுலாத் துண்டறிக்கையில் 'மாலுமி ஜன்னல்' என்று ஏறியது. பிறகு ஒரு பேராசிரியரின் அடிக்குறிப்பில் ஏறியது. பிறகு என் பட்டப்படிப்பு ஆய்வேட்டின் முதல் பக்கத்தில், முதல் பத்தியில். அந்த ஆய்வேட்டுக்குப் பத்துக்கு எட்டரை கிடைத்தது. எங்கள் நாட்டில் ஒன்பது ஆசிரியருக்கு, பத்து கடவுளுக்கு என்பார்கள். எட்டரை என்றால் தெருவில் சொல்லிக்கொள்ளலாம். என் அப்பா பேருந்து ஓட்டுகிறார். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான் என்பதால், அந்த முதல் பக்கத்தை நகலெடுத்து டெப்போ கேன்டீனில் ஒட்டிவைத்தார். நாற்பது ஓட்டுநர்கள் தினமும் காபி குடிக்கும்போது அந்தக் கட்டைவிரல்களைப் பற்றிப் படித்தார்கள்.

நேல்ட்யா பிறந்தது மீன் ஏலக் கொட்டகைக்குப் பின்புறத் தெருவில். பதினைந்து வயதில் பள்ளியை விட்டாள். ஹெர்ரிங் மீனின் குடலை ஒரே வெட்டில் எடுக்கும் வேலை இரண்டு வருடம், பட்டாணியை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில் பத்து வருடம். மண்வாரிக் கப்பலில் வேலை பார்த்த சீம் என்பவனைக் கட்டினாள். அவன் வருடத்தில் ஒன்பது மாதம் கடலில் இருந்தவரை குடித்தனம் நன்றாக நடந்தது. முதுகு வலி என்று ஒருநாள் நிரந்தரமாக வீடு திரும்பினான். எட்டு மாதத்தில் விவாகரத்து. இன்றும் சனிக்கிழமை சந்தையில் இரண்டு பேரும் ஒன்றாக நின்று வறுத்த மீன் தின்பார்கள். "அவன் நல்லவன்தான்," என்பாள், "கொஞ்சம் தள்ளி நிக்கணும், ஓவியம் மாதிரி."

கம்பெனி வீட்டுக்குத் தரை துடைக்க வந்தாள். ஜன்னலில் இருந்தவர் ஓய்வு பெற்ற திங்கட்கிழமை, யாரும் சொல்லாமலே அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டாள். வேறு யாரையாவது நியமிக்க வேண்டும் என்று நிர்வாகத்துக்குத் தோன்றியபோது ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. எல்லாச் சாவியும் அவளிடம் இருந்தது.

இந்த வசந்தத்தில்தான் நாற்காலிக்கு ஆபத்து வந்தது. அன்று நூலகத்து ஹெனிக்குப் பிறந்தநாள். வழக்கம்போல நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, ஹெனி தானே வாங்கிவந்த கேக்கை ஆளுக்கொரு துண்டு தின்றபடி, ஹெனிக்குப் பிறந்தநாள் என்பதற்காக எல்லாரும் எல்லாருக்கும் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தோம். கட்டட நிர்வாகி ரூலோஃப் ஹாவர்காம்ப் கேக்கை முடித்துவிட்டு எழுந்தார். நாற்பத்தொரு வயது, கழுத்துப்பட்டை கட்டாதவர், எல்லாரும் தன்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று வற்புறுத்துபவர். பெயர் சொல்லிக் கூப்பிட முடிகிறதே, அவர் பேச்சை மறுக்கவும் முடியும் என்று புதிதாக வந்தவர்கள் நினைத்துவிடுவார்கள்.

அவர் சொன்னது இது. வாசலை விசாலமாக்கப் போகிறோம். அந்த ஜன்னல் மறிப்பை எடுத்துவிட்டு ஒரு தொடுதிரை வைத்தால் வருபவர்கள் தாங்களே பதிந்துகொள்வார்கள். நேல்ட்யாவுக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் புதுக் கண்ணாடிக் கட்டடத்தில் வேலை. அங்கே யாருக்கும் சொந்த இருக்கை கிடையாது. தினமும் காலையில் காலியாக இருப்பதில் உட்காரலாம்.

நேல்ட்யாவுக்கு அறுபத்து நான்கு வயது. ஓய்வூதியத்துக்கு இன்னும் மூன்று வருடம்.

"இது முடிவில்ல நேல்ட்யா, ஒரு யோசனைதான். எல்லாரோட கருத்தையும் கேட்போம்," என்றார் ரூலோஃப்.

"என் கருத்தா? இப்பவே வாங்கிக்கோ. வேணாம்."

"கருத்துக் கேட்புக் கூட்டம் அடுத்த மாசம்."

"அப்ப அடுத்த மாசத்துக்கும் சேத்து எழுதிக்கோ. வேணாம்."

எங்கள் நாட்டில் கலந்து பேசாமல் ஒரு குப்பைத் தொட்டியைக்கூட நகர்த்த மாட்டோம். மூன்று கூட்டம் போட்டு, எல்லார் கருத்தையும் வண்ணச் சீட்டுகளில் எழுதிச் சுவரில் ஒட்டி, கடைசியில் முதல் நாள் நினைத்ததையே செய்வோம். நேல்ட்யா இதை மூன்று நிர்வாகிகளின் காலத்தில் பார்த்தவள். கூட்டத்தை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை.

கம்பெனி வீடு பாதுகாக்கப்பட்ட சின்னம். சுவரில் ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் அனுமதி வாங்க வேண்டும். அடுத்த வாரம் மாகாண மரபுச் சின்ன அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போனது. நானூறு வருடப் பழமையான மாலுமி ஜன்னலைப் பெயர்த்தெடுக்கச் சதி நடக்கிறது, உடனே வரவும். இப்படிக்கு, கவலை கொண்ட குடிமகள். கவலை கொண்ட குடிமகள் ஆதாரமும் இணைத்திருந்தாள். டெப்போ கேன்டீனுக்குப் போய் என் அப்பாவிடமே நகல் வாங்கி, என் ஆய்வேட்டின் முதல் பக்கத்தை வைத்து அனுப்பியிருந்தாள்.

மூன்று வாரத்தில் ஆய்வாளர் வருவார் என்று பதில் வந்தபிறகுதான் என்னிடம் சொன்னாள்.

நான் அப்போது கல்லூரி ஆவணக் காப்பகத்தில் அரைநேர வேலையில் இருந்தேன். எனக்குக் கோபம் வரவில்லை, உற்சாகம்தான் வந்தது. நிபுணர் வருகிறார், ஒரு பக்கம் போதாது, உறுதியான சான்று தேடிக் கொடுப்போம் என்று நிலவறைக்கு இறங்கினேன். இரண்டு நாள் தேடினேன். கம்பெனிக் காலத்துக் கட்டட வரைபடங்களில் அந்த இடத்தில் வெறும் சுவர்தான் இருந்தது. சிப்பாய்கள் காலத்திலும் சுவர். மூன்றாம் நாள் வரி அலுவலகக் கோப்பு ஒன்றில் ஜன்னல் கிடைத்தது. அளவோடு, முன்தோற்றத்தோடு, அழகான வரைபடம். 'படிவம் வழங்கும் ஜன்னல், ஒன்று. விளிம்புப் பலகை ஃபார்மிக்கா, ஆரஞ்சு நிறம்.' மேசைமேல் ஒட்டுகிற பிளாஸ்டிக் தகடு. தேதி 1974 மார்ச்.

அந்தத் தேதியை இன்னொரு தடவை படித்தேன். பேராசிரியர் வீட்டுப் பிள்ளைகள் எதைக் கேட்டாலும் "அதுக்கு மூலம் என்ன?" என்று கேட்டு வளர்கிறவர்கள். எங்கள் வீட்டில் யாராவது நல்ல கதை சொன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்வோம். நான்கு வருடம் படித்து எதை மாற்றிக்கொண்டேன் என்று எனக்கே தெரியவில்லை. தினமும் இரண்டு தடவை கடந்துபோன ஜன்னலை ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை.

வரைபடத்தை எடுத்துக்கொண்டு நேல்ட்யாவிடம் போனேன். அது எழுபத்து நான்காம் வருடத்து ஜன்னல் என்றேன்.

"மார்ச்சு," என்றாள் கத்தலாக. "வெள்ளிக்கிழமை. மழை."

விளிம்புக்கு அடியில் கையைக் காட்டினாள். குனிந்து பார்த்தேன். பலகையின் அடிப்பக்கம் தச்சுப் பென்சிலில் எழுதியிருந்தது: 'கோர். வெள்ளி. மழை விடவில்லை. 29-3-74.'

"தெரிஞ்சேவா இத்தன வருஷமா சொன்னீங்க?"

"ஏ மேதாவி, முதல்ல உண்மையத்தான் சொன்னேன். வரி ஆபீஸ்ல படிவம் குடுக்கிற ஜன்னல்னேன். கேட்டவங்க கொட்டாவி விட்டாங்க. அடுத்து வந்தவங்ககிட்ட மாலுமின்னேன், தொப்பியக் கழட்டினாங்க. நீயா இருந்தா எதச் சொல்லியிருப்ப?"

"அந்தக் குழி?"

"காபிக் கப்பு. முப்பது வருஷமா வர்றவங்க பக்கம் இப்படித் தள்ளுறேன்ல." தள்ளியும் காட்டினாள்.

என் ஆய்வேட்டின் முதல் பக்கமே இதுதான் என்றேன்.

"தெரியும், படிச்சேன். நல்லா எழுதியிருந்த கண்ணு. அந்தக் கட்டைவிரல் வர்ற இடத்துல எனக்கே கண்ணு கலங்கிருச்சு."

சிரிப்பதா அழுவதா என்று நான் நின்றேன். அவள் பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஒன்றைக் கொடுத்து உடனே மூடினாள். பிறகு யோசித்து மறுபடி திறந்து இன்னொன்றும் கொடுத்தாள். எங்கள் ஊரில் காபிக்கு இரண்டாவது பிஸ்கட் கிடைத்தால் நிலைமை மோசம் என்று அர்த்தம். அந்த வரைபடத்தை எங்கேயிருந்து எடுத்தேனோ அங்கேயே வைத்துவிடச் சொன்னாள். கண்ணாடிக் கட்டடத்தில் காலையில் எந்த நாற்காலி காலி என்று தேடிக்கொண்டு அலைய அவள் முழங்காலில் தெம்பு இல்லையாம். ஆய்வாளர்கள் பாதி நேரம் நின்றுகொண்டுதான் பார்ப்பார்கள், குனிய மாட்டார்கள் என்றாள்.

நான் வரைபடத்தைத் திருப்பி வைக்கவும் இல்லை, யாரிடமும் காட்டவும் இல்லை. பையில் வைத்துக்கொண்டு ஒன்பது நாள் திரிந்தேன்.

ஆய்வாளர் பெயர் ஹெஸ்டர் மனுஹுட்டு. ஐம்பது வயதிருக்கும், கிராம்பு விளையும் மொலுக்கத் தீவுகளிலிருந்து வந்த குடும்பம். சைக்கிளில் வந்து அதை முற்றத்தில் சரியான இடத்தில் நிறுத்தினார். நேல்ட்யாவின் முகத்தில் மரியாதை தெரிந்தது. ரூலோஃப் தொடுதிரையின் படத்தோடு தயாராக நின்றார். கடிதத்தோடு இணைத்த பக்கத்தில் என் பெயர் இருந்ததால் என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள்.

நேல்ட்யா குரலைத் தாழ்த்தி முழுக்கதையையும் சொன்னாள். அவள் அதைவிட நன்றாகச் சொல்லி நான் கேட்டதில்லை. மழையில் நனைந்த வரிசை வந்தது, ஒரு தாய் வாசலில் நின்று அழுதாள், ஒரு நாய்கூட வந்தது. ஹெஸ்டர் குறுக்கிடாமல் கேட்டார்.

"எங்க ஆளுங்க இந்த ஜன்னல் பக்கமே வரலங்க," என்றார் முடிவில். "அவங்க அந்தக் கோடியில கிராம்பு மரத்து மேல இருந்தாங்க. விலை ஏறணும்னு அந்த மரத்தையும் வெட்டச் சொன்னது மேல இருந்த ரூம்லதான்."

நேல்ட்யா நீட்டிய தலையை ஜன்னலுக்குள் இழுத்துக்கொண்டாள்.

ஹெஸ்டர் டார்ச்சை எடுத்துக் குனிந்தார். நன்றாகவே குனிந்தார். விளிம்பின் கறுப்பு வண்ணத்தைத் தடவிப் பார்த்து, யார் அடித்தது என்று கேட்டார்.

"காலம்," என்றாள் நேல்ட்யா.

"காலம் உருளை வச்சா பெயின்ட் அடிச்சுது? கோடு கோடா தெரியுது."

ஓரத்தில் நகத்தால் சுரண்டினார். அடியிலிருந்து ஆரஞ்சு நிறம் எட்டிப்பார்த்தது. கீலைப் பார்த்தார். ப்ளஸ் தலை ஸ்க்ரூவைக் கம்பெனி எந்தத் தீவிலிருந்து கொண்டுவந்தது என்று விசாரித்தார். ரூலோஃப் சிரிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார். தொடுதிரையின் படத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். நேல்ட்யா தன் சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு பெரிய உடம்பு அந்த அறைக்குள் சிறுத்துப்போனது போல இருந்தது.

நான் பையைத் திறந்தேன். என்ன நினைத்துத் திறந்தேன் என்று பிறகு பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். நேர்மை என்று சொல்லிக்கொள்ள ஆசை. ஆனால் பொய் உடைந்துவிட்ட பிறகு காட்டும் நேர்மைக்கு என்ன பெரிய விலை? எப்படியோ, வரைபடத்தை ஹெஸ்டரிடம் நீட்டி, நான் எழுதியது தப்பு, இதுதான் சரி என்றேன்.

ஹெஸ்டர் வாங்கிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். நேல்ட்யாவை வெளியே வரச் சொல்லிவிட்டு அந்த அறைக்குள் நுழைந்து, விளிம்புக்கு அடியில் மல்லாந்து படுத்தார். பென்சில் எழுத்தைப் படித்திருக்க வேண்டும். வெளியே வந்தபோது முகம் சிவந்திருந்தது.

"முழுசா இருக்கு," என்றார். "கீல், பலகை, கைப்பிடி, தச்சன் பேரு, வரைபடம், எல்லாம். உங்களுக்கு இது என்னன்னு தெரியுதா?"

வரி அலுவலக ஜன்னல் என்றார் ரூலோஃப்.

"ஆமா. ஊர் ஊருக்கு இருந்துச்சு, ஒண்ணு பாக்கியில்லாம பேத்துப் போட்டுட்டாங்க. எங்க ஆபீஸ் இந்த ரெண்டு வருஷமா எழுபதுகளோட சாமானத்தான் தேடுது. பதினேழாம் நூற்றாண்டு உத்தரம் என்கிட்ட நானூறு இருக்கு. ஆரஞ்சு ஃபார்மிக்கா ஒண்ணுகூட இல்ல."

அன்று மதியமே ஜன்னல் தற்காலிகப் பாதுகாப்புப் பட்டியலில் ஏறியது. நானூறு வருடச் சுவரைக் குடைந்து வைத்த ஐம்பது வருட ஜன்னலுக்காக, இனி அந்தச் சுவரைத் தொடக்கூடாது. ரூலோஃப் விடவில்லை. ஜன்னல் இருக்கட்டும், தொடுதிரையை அதற்குள்ளேயே பொருத்திவிடலாம் என்றார். ஹெஸ்டர் அன்பாக விளக்கினார்: அதற்கு ஸ்க்ரூ வேண்டும், ஸ்க்ரூவுக்கு அனுமதி வேண்டும். மின்கம்பிக்குத் தனி அனுமதி. விண்ணப்பம், அழகியல் குழு, அக்கம்பக்கத்தார் ஆட்சேபத்துக்கு அவகாசம், பிறகு மேல்முறையீடு. ரூலோஃப் எவ்வளவு நாளாகும் என்று கேட்டார். பக்கத்து ஊரில் ஒரு தபால்பெட்டிக்கு இரண்டே முக்கால் வருடம் ஆனது, ஆட்சேபம் யாரும் சொல்லாமலே, என்றார் ஹெஸ்டர்.

"நான் ஆட்சேபம் சொல்வேன்," என்று கத்தினாள் நேல்ட்யா.

என் வழிகாட்டிப் பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அடிக்குறிப்பை முதலில் எழுதியது தான்தான் என்றார். நூலகப் பிரதியில் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு திருத்தச் சீட்டு ஒட்டினோம். அப்பாவிடம் கேன்டீனில் ஒட்டியதை எடுத்துவிடச் சொன்னேன். ஓட்டுநர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கதை நன்றாக இருக்கிறதாம்.

ஜன்னலுக்குப் பக்கத்தில் இப்போது ஒரு சிறு தகடு இருக்கிறது. வரி அலுவலகம், படிவ ஜன்னல், 1974 என்று சொல்கிறது. கறுப்பு வண்ணத்தைச் சுரண்டிவிட்டார்கள். வாசலே ஆரஞ்சாக இருக்கிறது. நேல்ட்யா புது விதிகளுக்குக் கட்டுப்பட்டு விளிம்பின்மேல் காபிக் கப்பு வைப்பதில்லை, கையில் நீட்டுகிறாள். சுற்றுலாக்காரர்கள் வந்தால் தலையை வெளியே நீட்டி அந்தக் குழியைக் காட்டுகிறாள். போன வாரம் நின்று கேட்டேன். வரி கட்ட முடியாமல் இங்கே முழங்கையை ஊன்றி அழுதவர்கள் எத்தனை பேர் தெரியுமா என்று சொல்லிக்கொண்டிருந்தாள். குரல் இறங்கியிருந்தது. நான் என் பாட்டுக்குப் படியேறினேன்.

தொடுதிரைக்கான விண்ணப்பத்தை ரூலோஃப் விடாமல் தயாரித்தார். கட்டடத்திலிருந்து போகும் எந்த விண்ணப்பமும் வாசல் முத்திரையோடுதான் போக வேண்டும் என்று ஒரு பழைய விதி இருக்கிறது. முத்திரை இருப்பது நேல்ட்யாவிடம். நேற்று அவர் மூன்று பிரதிகளோடு வந்து ஜன்னல் முன்னால் நின்றார். அவருக்கு முன்னால் சைக்கிள் சாவிக்காக இரண்டு மாணவர்கள். அவர் முறை வந்தபோது நேல்ட்யா பிரதிகளை வாங்கி, ஒவ்வொரு பக்கமாக, உதடு அசையப் படித்தாள்.

"நாலாவது பக்கத்துல கையெழுத்து நீலத்துல இருக்கணும் ராசா, இது கறுப்பு."

"நேல்ட்யா, யாரும் அதையெல்லாம் பாக்கிறதில்ல."

"நான் பாக்கிறேன்ல."

அவர் சட்டைப்பையில் நீலப் பேனாவைத் தேடினார். அவள் சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு மணி ஆனதைப் பார்த்துவிட்டு, அவர் மூக்குக்கு நேராகப் பலகைக் கதவை மெதுவாக இறக்கினாள். பாதுகாக்கப்பட்ட பொருள், வேகமாக இறக்கக் கூடாது. உள்ளேயிருந்து அவள் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரிக்கும் சத்தமும், பன்னிரண்டரைக்கு வரச் சொல்லும் சத்தமும் கேட்டன.